நாலு புள்ளிக்குள் நிறுத்து: பேட்டரிக் கடைக்காரனின் இஞ்சி சோடா

எனக்குத் தண்டையார்பேட்டையில் பேட்டரிக் கடை. ஆட்டோவோ லோடு வண்டியோ வீட்டு இன்வெர்ட்டரோ, எந்த பேட்டரி வந்தாலும் முதலில் கிராவிட்டி பார்ப்பேன். ரப்பர் பந்தை அமுக்கிக் குழாயை செல்லுக்குள் விட்டு உறிஞ்சினால் உள்ளே இருக்கும் மிதவை எழும்பி ஒரு எண்ணைக் காட்டும். 1250 என்றால் நல்ல சார்ஜ். 1150 என்றால் அடிமட்டம். தண்ணீரின் கனம் 1000 என்று வைத்துக்கொண்டால் அந்த ஆசிட்டின் கனம் அவ்வளவு. புத்தகத்தில் 1.250 என்று இருக்கும், கடையில் யாரும் புள்ளி வைத்துச் சொல்வதில்லை. கருவியின் பெயர் ஹைட்ரோமீட்டர். இருபது வருஷமாக இந்த மிதவைதான் எனக்குச் சோறு போடுகிறது.

என் மனைவியின் தம்பி மெல்போர்னில் இருக்கிறான். அங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே பீர் போட்டுக்கொள்ளலாம். சில வருஷம் முன்பு ஒருநாள் வீடியோ காலில் வந்தான். கையில் நீளமாக ஒரு கண்ணாடிக் குழல்.

"மாமா, பேல் ஏல் போட்டிருக்கேன். இது 1.048 காட்டணுமாம். 1.030தான் காட்டுது. இன்னும் கொஞ்சம் சர்க்கரை கொட்டட்டுமா?"

"தண்ணி எப்படா ஊத்தின?"

"இப்பதான்."

பேல் ஏல் என்பது ஒரு வகை பீர். அவன் செய்தது இது. முளைகட்டின பார்லியின் மால்ட் சாற்றை எட்டு லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பீப்பாயில் ஊற்றி, அதன் தலையில் பன்னிரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைச் சேர்த்திருக்கிறான். கையோடு மேலாக மொண்டு அளந்துவிட்டான். டிஸ்டில்ட் வாட்டர் டாப் அப் பண்ணின உடனே கிராவிட்டி பார்த்தால் புது பேட்டரியும் செத்த பேட்டரி மாதிரிதான் காட்டும். கனமானது அடியில் கிடக்கும், தண்ணீர் மேலே நிற்கும். மால்ட்டின் எடையும் மொத்த லிட்டரும் சரியாக இருந்தால் கிராவிட்டி வேறு எங்கும் ஓடிப்போகாது. அளந்த விதம்தான் தப்பாக இருக்கும். "ஒண்ணும் கொட்டாதே. அடிவரைக்கும் கலக்கிட்டுத் திரும்பப் பாரு" என்றேன். ஐந்து நிமிஷம் கலக்கினான். 1.047.

அன்றிலிருந்து அவனுக்கு நான் குரு. பீர் போட்டுப் பழக்கமே இல்லாத குரு.

பேட்டரியில் சார்ஜ் இறங்க இறங்க, ஆசிட்டில் இருப்பது தட்டில் போய் ஒட்டிக்கொள்ளும், திரவம் தண்ணீராகிக்கொண்டே வரும், எண் இறங்கும். பீரில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்கிறது. தின்றதில் ஏறக்குறையப் பாதி ஆல்கஹால் ஆகிறது, மீதி கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. வாயு வெளியேறிவிடும், ஆல்கஹாலோ தண்ணீரைவிட லேசானது. அதனால் இங்கேயும் எண் இறங்குகிறது. ஆரம்ப எண்ணிலிருந்து கடைசி எண்ணைக் கழித்து 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். மச்சானின் பேல் ஏல் 1.047-இல் ஆரம்பித்து 1.011-இல் நின்றது. வித்தியாசம் 0.036. பெருக்கினால் 4.7 சதவீதம்.

வண்ணாரப்பேட்டையில் என் வீட்டு அடுப்பில் இதைச் செய்ய வழியில்லை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ஆம் வருஷத்தது. உரிமம் இல்லாமல் மது தயாரித்தால் குற்றம். கடையில் வாங்கிக் குடிக்கலாம், வீட்டில் காய்ச்சக் கூடாது. இந்த மெட்ராஸ் கரைக்கு பேல் ஏல் பீப்பாய் பீப்பாயாக லண்டனிலிருந்து கப்பலில் வந்த காலம் ஒன்று உண்டு. 1875-இல் துறைமுக வேலை ஆரம்பிப்பதற்கு முன்பெல்லாம் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும், மசூலா படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுவந்து இறக்குவார்கள். அந்த பீப்பாய்களை உருட்டின ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் இஞ்சி சோடா போடுகிறேன். ஜிஞ்சர் பீர் என்பதுதான் அதன் பெயர். அக்கம்பக்கத்தில் காது கேட்கும், வீட்டில் அந்த வார்த்தையே வரக் கூடாது என்று என் மனைவி உத்தரவு போட்டிருக்கிறாள். சரி, சோடா.

சோடாவுக்கு எதற்குக் கிராவிட்டி என்று கேட்பீர்கள். கடை சோடாவில் வாயுவை மெஷின் வைத்து ஏற்றுகிறார்கள். இதில் வாயுவை ஈஸ்ட்தான் தருகிறது. வாயு தரும் ஈஸ்ட் ஆல்கஹாலையும் கூடவே தரும், ஒன்றை மட்டும் கேட்டு வாங்க முடியாது. அரை சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அதை மதுபானம் என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. அரை சதவீதம் என்றால் கிராவிட்டியில் எவ்வளவு? ஏறக்குறைய 0.004. கடைசி இலக்கத்தில் ஒன்றை ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டால் நாலு புள்ளி. மச்சானுக்கு 36 புள்ளி இறங்க வேண்டும், எனக்கு நாலை எட்டவே கூடாது. நான் மூன்றிலேயே நிறுத்திவிடுகிறேன், சுமார் 0.4 சதவீதம். அப்படியும் சின்னப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுப்பதில்லை.

நாலு புள்ளியில் சோடா மாதிரி பொங்குமா என்றால் பாதி பொங்கும். லிட்டருக்கு எட்டு கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் நாலு புள்ளி இறங்கும். அதில் வரும் வாயு, ஒரு லிட்டர் பானத்துக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர். கடையில் விற்கும் கலரில் மூன்றரை லிட்டர் வரை கரைந்திருக்கும். நமக்குக் கிடைப்பதே குறைவு, அதில் கொஞ்சம்கூடப் பறந்துபோகக் கூடாது. ஆகவே ஈஸ்ட் போட்டதுமே பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடிவிட வேண்டும். பானையில் நுரைக்கவிட்டு அப்புறம் பாட்டிலில் அடைக்கிற கதை இதற்கு ஆகாது. பானையில் இருக்கும்போதே உங்கள் நாலு புள்ளி செலவாகிவிடும், பாட்டிலில் சப்பென்று இருக்கும்.

சாமான் வாங்க ஒரே இடம் போதும். பாரிமுனைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல், லேப் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. 1.000-லிருந்து 1.100 வரை காட்டும் ஹைட்ரோமீட்டர் கேளுங்கள். இல்லையென்றால் பால் பார்க்கிற லாக்டோமீட்டர். நான் வைத்திருப்பது லாக்டோமீட்டர்தான். அதில் 15 முதல் 40 வரை எண் இருக்கும், 30 என்றால் 1.030. நல்ல பசும்பால் 28, 30 என்று நிற்கும். நம் சரக்கு 32-இல் ஆரம்பித்து 29-இல் முடிய வேண்டியது. பாலுக்காகச் செய்த கருவி நமக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாக அமைந்துவிட்டது. 1.100 வரை போகிற ஹைட்ரோமீட்டரில் கோடுகள் நெருக்கமாக இருக்கும், ஒரு புள்ளி வித்தியாசம் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. லாக்டோமீட்டரில் அந்தத் தொல்லை குறைவு. எண் இல்லாமல் எழுத்து மட்டும் போட்ட லாக்டோமீட்டரும் விற்கிறார்கள், பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மேலோட்டமாகப் பார்க்கிற வகை. அது வேண்டாம். கூடவே 250 மில்லி அளவுக் குழாய் ஒன்றும் வாங்குங்கள்.

கடையில்தான் ஹைட்ரோமீட்டர் கிடக்கிறதே என்று என் கடைப் பையன் கேட்டான். ஆசிட்டும் ஈயமும் ஊறின சாமான் அது. எத்தனை முறை கழுவினாலும் வாய்க்குப் போகிற எதிலும் அதை விடக் கூடாது. அப்படியே விட்டாலும் அதன் எண்கள் 1.100-இல்தான் ஆரம்பிக்கும். சர்க்கரைத் தண்ணீரில் கல்லு மாதிரி அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

இப்போது அளவுகள். நாலு லிட்டருக்குச் சொல்கிறேன். சர்க்கரை 320 கிராம். ஒரு லிட்டர் கரைசலில் 26 கிராம் சர்க்கரை இருந்தால் பத்து புள்ளி ஏறும். இந்தக் கணக்கை மனப்பாடம் பண்ணி வைத்துக்கொண்டால் எந்த அளவுக்கும் போட்டுக்கொள்ளலாம். லிட்டருக்கு 80 கிராம் என்றால் 31 புள்ளி, இஞ்சியும் எலுமிச்சையும் சேர்ந்து ஒன்று ஏற்றும். நார் ஏறின முத்தல் இஞ்சி 200 கிராம், நல்ல காரம் அதில்தான். எலுமிச்சம்பழம் நாலு. உப்பு ஒரு சிட்டிகை. ரொட்டிக்குப் போடும் உலர் ஈஸ்ட் அரை கிராம், அதாவது ஒரு பெரிய சிட்டிகை. இஞ்சியையும் சர்க்கரையையும் சில நாள் ஊறவைத்துத் தானாகப் புளிக்கவிட்டு அதையே ஈஸ்ட்டாகப் பயன்படுத்துவது இன்னொரு வழி. ருசி அதில்தான் கூடுதல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு தடவை ஆறு மணி நேரத்தில் ஓடும், அடுத்த தடவை ஒரு நாள் ஆகும். கை பழகும்வரை பாக்கெட் ஈஸ்ட்டே போடுங்கள்.

சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாக. ஒவ்வொரு கருப்பட்டியிலும் ஈரம் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அதனால் தராசை நம்பாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து 32 வரும்வரை லாக்டோமீட்டரைப் பாருங்கள்.

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும், ஈஸ்ட்டுக்கு ஆகாது. நாலரை லிட்டரை முந்தின இரவே திறந்த பாத்திரத்தில் நன்றாகக் கொதிக்கவைத்து மூடி வைத்துவிடுங்கள். காலையில் இஞ்சியைக் கழுவி நசுக்கி, அதில் ஒரு லிட்டர் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்துக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ஆறினதும் எலுமிச்சைச் சாறு, உப்பு. அப்புறம் மிச்சத் தண்ணீரை ஊற்றி மொத்தம் நாலு லிட்டருக்குக் கொண்டுவாருங்கள். நாலு லிட்டர் தண்ணீரோடு சர்க்கரை அல்ல, எல்லாம் சேர்த்து நாலு லிட்டர். பாத்திரத்தில் முன்கூட்டியே ஒரு கோடு போட்டு வைத்திருந்தால் குழப்பம் இல்லை. அப்புறம் என்ன செய்ய வேண்டும்? மச்சானுக்குச் சொன்னதுதான், அடிவரை கலக்க வேண்டும்.

அளவுக் குழாயில் ஊற்றி லாக்டோமீட்டரை மெதுவாக இறக்கி ஒரு சுழற்று சுழற்றுங்கள். குழாயின் சுவரில் ஒட்டாமல் நடுவில் நிற்கட்டும். திரவம் தண்டோடு ஒட்டிக் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். அந்த மேல் விளிம்பில் படிப்பதா, கீழ் மட்டத்தில் படிப்பதா என்று சண்டை வேண்டாம். முதல் தடவை எங்கே படித்தீர்களோ கடைசிவரை அங்கேயே படியுங்கள். நமக்கு வேண்டியது வித்தியாசம்தான்.

வெப்பத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவார்கள். கருவியில் அது எந்த வெப்பநிலைக்குச் செய்தது என்று அச்சடித்திருக்கும். பீர் போடுகிறவர்கள் வாங்குகிற ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 20 டிகிரிக்கானது. சித்திரை மாசத்து வண்ணாரப்பேட்டையில் எது 20 டிகிரியில் இருக்கிறது? சூட்டில் திரவம் விரிந்து லேசாகும். 30 டிகிரியில் அளந்தால் இரண்டரைப் புள்ளி குறைத்துக் காட்டும், 35 டிகிரியில் நாலு புள்ளி. யோசித்துப் பாருங்கள், நாம் காவல் காக்கிற மொத்த நாலு புள்ளியையும் வெயிலே தின்றுவிடும். காலையில் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒரு ரீடிங், சாயங்காலம் ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்து ஒரு ரீடிங் என்று பார்த்தால் எண் ஏறியிருக்கும். சர்க்கரை தானாகவா முளைக்கும்? அதனால் ஒரு தெர்மாமீட்டர் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் அதே சூட்டில் அளக்க வேண்டும். கூடிப்போனால் குழாயைத் தண்ணீர் வாளியில் ஐந்து நிமிஷம் நிறுத்தி வையுங்கள்.

32 என்று எழுதி வைத்தாயிற்றா? ஈஸ்ட்டை ஒரு கரண்டி வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவிட்டு, நுரை கட்டினதும் ஊற்றிக் கலக்குங்கள். ஒரு லிட்டர் பெட் பாட்டில் நாலில் பிரித்து ஊற்றுங்கள், கழுத்தில் இரண்டு விரல் காலி இருக்கட்டும். கலர் வந்த பாட்டில்தான் வேண்டும், தண்ணீர் வந்த மெல்லிசு பாட்டில் அழுத்தம் தாங்காது. வெந்நீர் ஊற்றிக் கழுவினால் சுருங்கிவிடும், ஆறவைத்த தண்ணீரில் அலசினால் போதும். மூடியை இறுக்குங்கள். மிஞ்சுகிற கால் லிட்டரை அளவுக் குழாயிலேயே ஊற்றி, லாக்டோமீட்டரை உள்ளே மிதக்கவிட்டு, மேலே ஒரு துணி போட்டு, பாட்டில்களுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

அந்தக் குழாய்க்கு என் வீட்டில் சாட்சி என்று பெயர். மூடின பாட்டிலைத் திறந்து அளந்தால் வாயு போய்விடும். திறக்காவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. அதே ஈஸ்ட், அதே சர்க்கரை, அதே சூடு, சாட்சியில் எவ்வளவு இறங்குகிறதோ பாட்டிலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் இறங்கும். சாட்சியை மட்டும் கேட்டால் போதும்.

சாட்சி பொய்யும் சொல்லும். பேட்டரி சார்ஜில் இருக்கும்போது கிராவிட்டி பார்க்கக் கூடாது என்று புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பேன். செல்லுக்குள் குமிழி கிளம்பிக்கொண்டிருக்கும், அது மிதவையில் ஒட்டித் தூக்கிவிடும். இதிலும் அதே கதைதான். குமிழிகள் லாக்டோமீட்டரின் தோளில் முத்து முத்தாக ஒட்டிக்கொண்டு இரண்டு, மூன்று புள்ளி ஏற்றிக் காட்டும். உண்மையில் 28-க்கு வந்திருக்கும், நீங்கள் 31 என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு மணி நேரம் விடுவீர்கள். ஒவ்வொரு தடவையும் லாக்டோமீட்டரை வெளியே எடுத்துத் துடைத்து, சாட்சியை இரண்டு டம்ளரில் டீ ஆற்றுகிற மாதிரி ஏழெட்டு தடவை ஆற்றி வாயுவை விரட்டி, நுரை அடங்கினதும் அளக்க வேண்டும். சாட்சியை யாரும் குடிக்கப் போவதில்லை, எவ்வளவு ஆற்றினாலும் நஷ்டமில்லை.

முதல் இரண்டு மூன்று மணி நேரம் எண் அசையாது. ஈஸ்ட் செத்துவிட்டது என்று இன்னொரு சிட்டிகை போடாதீர்கள். அசைய ஆரம்பித்தால் பிறகு நிற்காது. முதல் புள்ளி இறங்க ஆகிற நேரத்தில் பாதிகூட மூன்றாவது புள்ளிக்கு ஆகாது. எனக்கு சித்திரை, வைகாசியில் எட்டு முதல் பத்து மணி நேரத்தில் முடிகிறது. மார்கழியில் ஒரு பகலும் இரவும் ஆகும், சில சமயம் மறுநாள் மத்தியானம்வரை போகும். நாள் கணக்கு, மணிக் கணக்கு சொல்கிற செய்முறைகளை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். வெயில் காலத்தில் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். காலை ஆறு மணிக்குப் போட்டால் பகல் முழுக்கக் கண்முன்னால் இருக்கும்.

வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றால் மீன் ஏற்றுகிற தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், புதிதாக. பழையதை என் தம்பி காசிமேட்டிலிருந்து சும்மா வாங்கிவந்தான், இஞ்சி வாசனைக்கு நடுவே வஞ்சிரம் எட்டிப் பார்த்தது. பெட்டியில் பாதி தண்ணீர், அதில் பாட்டில்களும் சாட்சியும், தண்ணீரில் ஐஸ். காசிமேட்டில் ஐஸ் பார் உடைத்துத் தருவார்கள், அது மீனுக்கான ஐஸ். பாட்டிலுக்கு வெளியேதான் அது நிற்க வேண்டும், குடிக்கிற டம்ளரில் விழக் கூடாது. 25 டிகிரியில் வைத்தால் ஈஸ்ட் நிதானமாக வேலை செய்யும், ருசியும் சுத்தமாக இருக்கும். ரொம்பச் சூட்டில் ஓடினால் நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாடை வரும். பேல் ஏல் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முதல் மூன்று நாள் 18 முதல் 20 டிகிரிக்குள் வைத்துவிட்டால் பிறகு பெரிய தப்பு நடக்காது என்று மச்சானே அடிபட்டுத் தெரிந்துகொண்டான். அவனும் வெயில் காலத்தில் பீப்பாய்க்கு ஈரத் துண்டு சுற்றி ஃபேன் போடுகிறான்.

ஆனால் அவனை மாட்டிவிட்டது வெயில் இல்லை, குளிர். அங்கே ஜூலை மாசம் நடுக்குளிர்காலம். கார் ஷெட்டில் 11 டிகிரி. பீப்பாய் மூடியில் குமிழி வருவது நின்றுவிட்டது. முடிந்தது என்று நினைத்து, அளக்காமல், வாயுவுக்காக லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரையும் போட்டுக் கண்ணாடி பாட்டிலில் அடைத்துவிட்டான். உண்மையில் ஈஸ்ட் குளிரில் தூங்கியிருக்கிறது. மிஞ்சின கொஞ்சத்தை என் பேச்சுக்காக அளந்து பார்த்தான், 1.018. "அடேய், முன்னாடி 1.011-ல நின்னுச்சே, இன்னும் ஏழு புள்ளி பாக்கி இருக்கு" என்றேன். "குமிழியே வரலையே மாமா." நாலு புள்ளிக்கு இரண்டு லிட்டர் வாயு என்ற கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். ஏழு புள்ளிக்கு மூன்றரை லிட்டர், போட்ட சர்க்கரைக்கு இன்னும் ஒன்றரை, ஏற்கெனவே கரைந்திருந்தது ஒன்று. செப்டம்பரில் ஷெட் சூடேறினதும் ராத்திரியில் ஒவ்வொன்றாக வெடித்தது. ஷெட்டில் யாரும் இல்லாதது நல்ல காலம்.

குமிழி நின்றால் முடிந்தது என்று அர்த்தமில்லை. இரண்டு, மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு ரீடிங்கும் ஒன்றாக இருக்க வேண்டும், அந்த எண்ணும் எதிர்பார்த்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 1.020-க்கு அக்கம்பக்கத்தில் நின்றுவிட்டால் பீப்பாயை வீட்டுக்குள் கொண்டுவந்து 20 டிகிரிக்கு ஏற்றி, அடியில் படிந்த ஈஸ்ட் எழும்பும்படி மெதுவாக ஆட்டிவிட்டு இன்னும் சில நாள் பார்க்க வேண்டும்.

பேல் ஏலுக்கு ஒரு வசதி உண்டு. மால்ட்டில் ஈஸ்ட் தின்ன முடியாத பங்கு கொஞ்சம் இருக்கும், அதனால் 1.010, 1.014 என்று எங்கேயோ தானாக நின்றுவிடும். நம் இஞ்சி சோடாவில் இருப்பது வெறும் சர்க்கரை. அதற்கு பிரேக்கே கிடையாது. விட்டால் 1.000-க்கும் கீழே போகும். அப்போது அது நாலு சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள சரக்கு, பாட்டில் தாங்கினால். தாங்காது.

சாட்சி 29 காட்டினதும் நாலு பாட்டிலையும் ஃபிரிஜ்ஜில் தள்ளுங்கள், யாரையும் கேட்க வேண்டாம். பாட்டிலை அமுக்கினால் கிரிக்கெட் பந்து மாதிரி இல்லாமல், காற்றடித்த ரப்பர் பந்து மாதிரி இருக்க வேண்டும். குளிர்ந்து முடிக்கச் சில மணி நேரம் ஆகும், அதற்குள் இன்னும் அரைப் புள்ளி போய்விடும். மூன்றில் நிறுத்தச் சொன்னது அந்த அரைக்கும் சேர்த்துத்தான். குளிரில் ஈஸ்ட் சாகாது, படுத்திருக்கும். அதனால் மூன்று நாளுக்குள் குடித்துவிடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர். பேட்டரிக் கடைக்காரன் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது உண்மைதான், அது இரண்டு ஃபேனுக்கும் நாலு லைட்டுக்கும் பக்கத்து வீட்டு செல்போன்களுக்கும் போனது. ஃபிரிஜ்ஜில் இருந்த மூன்று பாட்டிலை மறந்தே போனேன். மூன்றாம் நாள் கை வைத்துப் பார்த்தால் கருங்கல். அடிப்பாகம் வெளியே பிதுங்கி பாட்டில் நிற்கவே இல்லை. மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், துண்டால் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியைக் கால் திருகு திருகி, உஸ் அடங்கினதும் இன்னொரு கால் திருகு என்று பத்து நிமிஷம் ஆனது. அளந்து பார்த்தேன், 1.021. மழைத் தண்ணீரோடு ஊற்றிவிட்டேன். கண்ணாடி பாட்டிலாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மச்சானைக் கேளுங்கள்.

குடிக்கும்போது பாட்டிலை ஆட்டாமல் சாய்த்து ஊற்றுங்கள், அடியில் வண்டல் இருக்கும். 29-இல் நிறுத்தினது தித்திப்பாகத்தான் இருக்கும், பொங்கலும் குறைவு. இது சோடாவா சர்பத்தா என்று என் மனைவி முதல் தடவையே கேட்டாள். நாலு புள்ளிக் கணக்கை அவளுக்கு விளக்கினேன், அவளுக்கு அது தேவைப்படவில்லை. தெருமுனைப் பெட்டிக்கடையில் கோலி சோடா இரண்டு வாங்கிவரச் சொல்லி, டம்ளரில் பாதி என்னுடையது, பாதி கோலி சோடா, மேலே இரண்டு கல் உப்பு என்று கலந்தாள். தித்திப்பு பாதி ஆனது, ஆல்கஹாலும் பாதி, நுரை டம்ளர் விளிம்புவரை வந்தது. இப்போது அப்படித்தான் குடிக்கிறோம்.